எங்கள் தெருவின் டு-லெட் போர்டுகள்

நான் பார்த்ததிலேயே மட்டமான வேலை எது என்று யாராவது கேட்டால், எங்கள் தெருவில் டு-லெட் போர்டுகளை எண்ணிய வேலை என்று தயங்காமல் சொல்வேன். வெயில், அலைச்சல் எல்லாம் எனக்குப் பழக்கம்தான். நான் சரியாக எண்ணினேன் சார், ஒன்றுகூட விடாமல் எண்ணினேன். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அதற்கு முன் தாம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினேழு வருஷம் கணக்கு டீச்சர். கம்பெனிகளில் ஆள் குறைக்க ஆரம்பித்ததும் அப்பாக்கள் பிள்ளைகளை ஃபீஸ் குறைவான பள்ளிகளுக்கு மாற்றினார்கள். இரண்டு செக்‌ஷனைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். இரண்டு கணக்கு டீச்சரில் ஒருத்தி மிச்சமானாள். அந்த மிச்சம் நான்தான். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடேன்" என்றார் என் கணவர். ரெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஜுரம் வருகிற மாதிரி இருக்கும்.

அப்போதுதான் அந்த அறக்கட்டளை வேலை வந்தது. அவர்களிடம் ஒரு டாக்டர் வேன் இருந்தது. வாரம் ஒருநாள் வந்து பிரஷர் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், மாத்திரையும் இன்சுலினும் இலவசமாகக் கொடுப்பார்கள். வேலை போன நேரத்தில் ஜனங்கள் முதலில் நிறுத்துவது மருந்தைத்தான் என்று யாரோ புத்திசாலி கண்டுபிடித்திருக்கிறார். நல்ல விஷயம். ஆனால் வேன் ஒன்றுதான். எந்த ஏரியா மோசமாக இருக்கிறதோ அங்கே நிற்கும். தேறிவிட்டால் அடுத்த இடத்துக்குப் போய்விடும். தேறிவிட்டதா என்று மாதாமாதம் பார்த்துச் சொல்லத்தான் என்னைப் போன்ற ஆட்கள்.

போனில் ஒரு ஆப் கொடுத்தார்கள். அதில் மூன்று பக்கம்: தொழில், மக்கள், சுற்றுச்சூழல். எத்தனை கடை திறந்திருக்கிறது, எத்தனை டு-லெட் போர்டு தொங்குகிறது, வீட்டில் சம்பாதிப்பவர் எத்தனை பேர், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறதா. எல்லாவற்றுக்கும் எண் மட்டும்தான். போட்டு முடித்தால் பக்கத்துக்கு ஒரு வட்டம் வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை. அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத அதில் இடம் கிடையாது.

ட்ரெயினிங் அன்று மேற்பார்வை சார் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மேடம், அவங்க என்ன சொல்றாங்களோ அதைப் போடுங்க. கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை எண்ணுங்க. நீங்களா எதையும் யூகிக்காதீங்க." எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கணக்கு டீச்சர் இல்லையா!

பொத்தேரி, கோவிலம்பாக்கம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு. இதுதான் என் ஏரியா. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் மெஸ்கார அம்மா, "கடை தொறந்துதான் இருக்கு மேடம், ஆனா பசங்க ஒரு சாப்பாட்டை வாங்கி ரெண்டு பேரா சாப்பிடுறாங்க" என்றார். ஆப்பில் அதற்கு இடமில்லை. கடை திறந்திருக்கிறது, ஒன்று. கோவிலம்பாக்கத்து ஃபிளாட்டில் ஒருத்தர் மாதாமாதம் "ஒர்க் ஃப்ரம் ஹோம் மேடம்" என்பார். மேஜையில் லேப்டாப் மூடியே கிடக்கும், மேலே செய்தித்தாள் கட்டு. அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். சம்பாதிப்பவர், ஒன்று. மாதச் சம்பளத்துக்காரர்கள் கையில் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஏதோ ஓடுது" என்பதுதான் அவர்கள் அழுகிற அழுகை. இதெல்லாம் தெரிந்தும் சொன்னதைச் சொன்னபடி போட்டுக்கொண்டு போனேன். மனசுக்குள் எரியும். வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்துவேன். அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்.

எங்கள் தெருவில் பெரிய வீடு அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை, தெருவே அப்படித்தான் கூப்பிடும். எனக்கு நான்கு வீடு தள்ளி. அக்கா வீட்டார் இந்த ஊர் பழைய குடி. இப்போது நாங்கள் எல்லாம் மனை வாங்கிக் கட்டியிருக்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலம். நிலத்தை விற்று மாடி கட்டினார்கள். மேலே மூன்று போர்ஷன். பின்பக்கம் அந்தக் காலத்துப் பாசனக் கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் போய் நான்கு வருஷம். பிள்ளை இல்லை. மூன்று போர்ஷன் வாடகைதான் அக்காவுக்குச் சோறு.

மேலே இருந்த பையன்கள் எல்லாருக்கும் ஒரே கம்பெனி. ஒரே வாரத்தில் வேலை போய், ஒரே வாரத்தில் காலி செய்தார்கள். அக்கா கேட்டில் போர்டு மாட்டினார். தெருவில் ஏற்கெனவே நாலைந்து தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் வரவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை ஊசி. புதன்கிழமை பிள்ளையார் கோயில் முனையில் வேன் நிற்கும்போது அக்கா தேங்காய்ப் பழத் தட்டோடு கிளம்புவார். சாமி கும்பிட்டுவிட்டு, போகிற போக்கில் நிற்பது மாதிரி வரிசையில் நின்று மருந்தை வாங்கித் தட்டில் பூவுக்கு அடியில் வைத்துக்கொண்டு வருவார். யாராவது பார்த்தால், "சும்மா குட்க்கிறானுங்க, வேணாம்னா கோச்சிக்கிறானுங்க" என்பார். அரசு ஆஸ்பத்திரியிலும் இதே ஊசி இலவசம்தான். நான் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "போ டீச்சர். அங்க லைன்ல நம்ம நெலத்துல நாத்து நட்டவங்க நின்னுகினு இருப்பாங்க. அவங்க பின்னால நான் போயி நிக்கறதா? இன்னா பேசற நீ?" என்று வாயை அடைத்துவிடுவார். வறட்டு கௌரவம்! எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்த வேன் இருக்கும்வரை அந்தக் கோபத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். சொல்லாமல் முடியாது.

போர்டு மாட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போர்டு ரொம்ப நாள் தொங்கினால் அந்த வீடு ராசியில்லை என்று பெயர் வந்துவிடும். தண்ணி இல்லையோ, வாஸ்து கோளாறோ, ஓனரம்மா சண்டைக்காரியோ என்று ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள். அதனால் சில மாதம் பார்த்துவிட்டுப் போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, புரோக்கர் காதில் மட்டும் போட்டு வைப்பார்கள். நான் ஒருநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது அக்கா கேட்டைப் பார்த்தேன். வெயிலில் போர்டு எழுத்தே மங்கிவிட்டது. மனசு கேட்கவில்லை.

"அக்கா, இதைக் கழட்டிடுங்க. ராசியில்லாத வீடுன்னு பேர் வாங்கிடப் போவுது."

"மெய்யாலுமா சொல்ற?"

"ஆமாங்கா. புரோக்கர்கிட்ட சொல்லி வைங்க. போர்டு வேணாம்."

அக்கா அன்றைக்கே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். பெரிய வீட்டிலேயே எடுத்துவிட்டார்கள் என்று அடுத்த மாதத்துக்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். நான் ஆப்பைத் திறந்து நடந்து போய் எண்ணினேன். கண்ணுக்குத் தெரிந்த போர்டு ஒன்றுகூட இல்லை. பூஜ்யம் போட்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தப் பூஜ்யத்துக்குக் காரணமே நான்தான் என்று அந்த நிமிஷம் என் புத்திக்கு எட்டவே இல்லை. பதினேழு வருஷம் பிள்ளைகளைப் பார்த்து "கேள்வியை முழுசா படி"ன்னு கத்தினவள் நான்.

அதே சமயம் அக்கா வீட்டு மாடிக் கொடியில் ஆம்பளைச் சட்டைகள் காய ஆரம்பித்தன. புரோக்கர் யாரையோ பிடித்துக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். "ஆள் வந்தாச்சா அக்கா?" என்று கேட்டேன். "ஆங், வந்துகினு போயிகினு கீறானுங்க" என்றார். அப்பாடா என்று இருந்தது.

மேற்பார்வை சார் போன் செய்தார். குரலிலேயே லட்டு. "மேடம், குட் நியூஸ்! உங்க தெருதான் டாப். தொழில் பச்சை. குப்பை குறைஞ்சிருக்கு, வண்டி சத்தம் குறைஞ்சிருக்கு, கிணத்துத் தண்ணி ஏறியிருக்கு. சுற்றுச்சூழல் பச்சை. மக்கள் பக்கத்துல புகாரே இல்ல. ஏரியா ரெக்கவர் ஆயிடுச்சு மேடம்!"

"தேங்க் யூ சார்" என்றேன். தேங்க் யூ! இன்றைக்கும் அதை நினைத்தால் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த மாதம் அக்கா வீட்டுக் கிணற்றை அளக்கப் போனேன். முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளப்பது என் முறை. போன மாதம் ஏறியிருந்தபோது எண்ணைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்த முறை இறக்கிய கொஞ்சத்திலேயே கல் தண்ணீரைத் தொட்டுவிட்டது. நல்ல கோடை. மழை என்று ஒரு துளி இல்லை. எங்கள் வீட்டு போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. இந்தக் கிணற்றில் மட்டும் எப்படி ஏறும்? கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மோட்டார் போடும் இடத்தைப் பார்த்தேன். சுவிட்சு மேல் சிலந்தி வலை. மூன்று போர்ஷன் ஆட்கள் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவினால் இந்தக் கிணறு இப்படி இருக்குமா?

நிமிர்ந்து மாடிக் கொடியைப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பாக்கெட்டில் இங்க் கறை. அந்தக் கறையை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் அதே சட்டையைத்தான் போட்டிருந்தார். கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது பேனா ஒழுகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே காட்டினார்.

மாடியில் யாரும் இல்லை. யாருமே வரவில்லை. தெருவில் குப்பை குறைந்தது, வாங்கித் தின்ன ஆள் இல்லாததால். சத்தம் குறைந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆள் இல்லாததால். தண்ணீர் ஏறியது, இறைக்க ஆள் இல்லாததால். ஊர் காலியாகக் காலியாக என் போனில் பச்சை பச்சையாக எரிந்திருக்கிறது. அதை எரிய விட்டது நான்.

அங்கேயே கிணற்றடியில் நின்று சாருக்குப் போன் போட்டேன்.

"சார், எல்லாம் தப்பு. வீடெல்லாம் காலியா இருக்கு. போர்டைத்தான் கழட்டி வெச்சிருக்காங்க."

"மேடம், போர்டு இருக்கா இல்லையா?"

"இல்ல சார். ஆனா..."

"அப்ப ஜீரோ கரெக்ட்தானே?"

"சார், போர்டு இல்லேன்னா வீடு நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல சார்! ராசி பார்த்துக் கழட்டிடுவாங்க இங்க. ஒரு குறிப்பு எழுதி அனுப்பட்டுமா?"

"ரிமார்க்ஸ் எழுத ஆப்ல இடம் இல்லையே மேடம். வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?"

"நல்லா இருக்கோம்னுதான் சொல்வாங்க. அவங்க வேற என்ன சார் சொல்வாங்க?"

அவர் நல்ல மனுஷர்தான். குறை சொல்ல முடியாது. "வேனை அடுத்த மாசம் மாத்தறதா முடிவாயிடுச்சு. இருந்தாலும் நாளைக்கு நான் ஒருதடவை நேர்ல வந்து பார்க்கறேன். ஒரே ஒரு வீட்டுல காலின்னு அவங்க வாயால சொன்னா போதும், நிறுத்தி வெச்சிடறேன்" என்றார்.

ஒரே ஒரு வீடு. நான் அக்காவிடம் போனேன். உட்கார வைத்துச் சொன்னேன். வேன் போய்விடும், ஊசி கிடைக்காது, நாளைக்கு ஒரு சார் வருவார், மாடி காலி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும் என்று கெஞ்சினேன். சட்டையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "சரி டீச்சர், சொல்றேன். பேஜார் பண்ணாத" என்றார்.

மறுநாள் சார் வந்தார். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தார். வெள்ளி டம்ளரில் காபி. எதிர்வீட்டுக்காரம்மா வேறு வேடிக்கை பார்க்க வாசல் வரைக்கும் வந்து நின்றுகொண்டார். சார் மாடியைப் பார்த்தார். கொடி நிறையச் சட்டை. அன்றைக்கு அக்கா இருந்த எல்லாச் சட்டையையும் காயப் போட்டிருந்தார்.

"மேல ஆள் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார் சார்.

அக்கா எதிர்வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்துச் சிரித்தார். "கீறாங்க சார். நல்ல பசங்க. நமக்கு இன்னா கொறச்சல்?"

சார் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். இந்தச் சட்டை செத்துப்போன மனுஷனுடையது என்று ஒரு வரி. ஆனால் வாசலில் எதிர்வீட்டுக்காரம்மா நிற்கிறார். அந்த வரியைச் சொன்னால் அக்கா அப்புறம் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பார்? நான் காபியைக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. குடித்து முடித்தேன். சார் பச்சையை உறுதி செய்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மாதத்திலிருந்து வேன் வரவில்லை. அடுத்தடுத்து இரண்டு புதன்கிழமை அக்கா தட்டோடு போய்க் கோயில் முனையில் நின்றுவிட்டு வந்ததை எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். மூன்றாவது புதன் போகவில்லை. நான் போய், "அக்கா, கிளம்புங்க, அரசு ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வரேன்" என்றேன். "கீது டீச்சர், ஃபிரிட்ஜில ஸ்டாக் கீது. நாளிக்கிப் பாக்கலாம்" என்றார். இருந்ததை ஒருவேளை போட்டு ஒருவேளை விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு டியூஷன் சென்டரில் வேலை கிடைத்திருந்தது. காலையும் மாலையும் வகுப்பு. நாளைக்கு, நாளைக்கு என்று நானும் விட்டுவிட்டேன். அக்காவை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்!

கால் விரலில் சின்னக் காயம். செருப்புக் கடித்ததாம். மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார். வாசல் வரை நாற்றம் அடித்த பிறகுதான் நானும் என் கணவரும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். எந்த வரிசையில் நிற்க மாட்டேன் என்றாரோ அதே அரசு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போனார். இரண்டு விரலை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தேன். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்தேன்.

"டீச்சர், கட்டிலுக்கு அடில போர்டு கீது பாரு. எட்து மாட்டு."

குனிந்து எடுத்தேன். தூசி தட்டினேன்.

"ஒசரமா மாட்டு. மூணு போர்ஷனும் காலின்னு பெர்சா எழுது. பாக்கறவன் பாக்கட்டும்."

கேட்டில் மாட்டிவிட்டு, எழுத்தை ஸ்கெட்ச் பேனாவால் திரும்ப எழுதினேன். எதிர்வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பழக்கதோஷம், கை போனுக்குப் போனது. ஆப்பைத் திறந்து எங்கள் தெருவைத் தேடினேன். பட்டியலிலேயே இல்லை. தேறிவிட்ட ஏரியாக்களை எடுத்துவிடுவார்களாம். போர்டு ஒன்று. போடுவதற்கு இடமில்லை. அங்கேயே கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"மேல கொடில சட்ட கீது. எல்லாத்தியும் எட்தாந்துடு" என்றார்.

போய் எடுத்துவந்தேன். நீலக் கட்டம் வெளுத்துப்போய், இங்க் கறைகூடத் தேடினால்தான் தெரிந்தது. அக்கா அதை மடியில் போட்டு நீவினார்.

"ஆறு மாசமா தோச்சித் தோச்சி ஒணத்திகினு கீறேன் டீச்சர். அந்தாளு உசுரோட இருந்தப்பகூட அவரு சட்டய நான் இத்தினி வாட்டி தோச்சதில்ல."